பசியாறப் போட்ட கையெழுத்து

முப்பத்தொரு பேர் காலைப் பசியாறுவதற்காகப் போட்ட கையெழுத்தை, அவர்கள் வீட்டைக் காலி செய்யச் சம்மதித்த கையெழுத்தாக நான் மாற்றினேன். யாரும் என்னை மிரட்டவில்லை. யாரும் எனக்கு எதுவும் கொடுக்கவில்லை. அலுவலகத்து நகல் இயந்திரத்தின் முன் நின்று, தாளின் வலது ஓரத்தை இரண்டு விரல் அகலம் மடித்து, நானே செய்தேன்.

எரிசக்தித் திட்டங்களுக்குக் கடன் மதிப்பீடு செய்யும் வேலைக்கு நீங்கள் புதிதாக வந்திருக்கிறீர்கள். உங்களுக்காக என் பணி அனுபவங்களை எழுதித் தரும்படி பயிற்சி மையத்தார் கேட்டார்கள். மாதிரிக்கு உங்கள் கையேட்டையும் அனுப்பி வைத்தார்கள். அதில் ஏழாம் பாடம் ஒரு 'முன்மாதிரித் திட்டம்' பற்றியது. மலாக்காவில், ஜாசின் பக்கம், பாமாயில் தரும் ஒரு செம்பனைத் தோட்டத்தில் அமைந்த சூரிய மின் நிலையம். 'சமூக ஒப்புதல்: முழுமையாகப் பெறப்பட்டது' என்று பச்சைக் கட்டத்துக்குள் அச்சடித்திருக்கிறார்கள்.

அந்தக் கட்டத்துக்குப் பச்சை அடித்தவன் நான்தான். அது பொய் என்று எழுத்து மூலம் ஒப்புக்கொண்டு சில ஆண்டுகள் ஆகிவிட்டன. இன்னும் அதை உங்களுக்குப் பாடமாக நடத்துகிறார்கள். அதனால்தான் மற்ற அனுபவங்களை எல்லாம் ஒதுக்கிவிட்டு, இந்த ஒன்றை மட்டும் எழுதுகிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன். அதில் பாதிக்கு மேல் என் மீதுதான்.

நானும் தோட்டத்தில் பிறந்தவன். அலோர் காஜா பக்கம், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில். தமிழ்ப்பள்ளி, இடைநிலைப்பள்ளி, பல்கலைக்கழகம், பிறகு இருபது ஆண்டுகள் வங்கியில் மின் நிலையங்களுக்குக் கடன் கொடுக்கும் பிரிவு. கடைசி ஏழெட்டு ஆண்டுகள் ஓர் ஆலோசனை நிறுவனத்தில் இருந்தேன். மின் நிலையம் கட்ட நினைக்கும் நிறுவனங்களுக்காக, கடன் தரும் வங்கிக்கு நாங்கள் அறிக்கை தயாரிப்போம். வெயில் எவ்வளவு, மின்சாரம் எவ்வளவு, கடன் எப்போது அடைபடும் என்பதெல்லாம் அதில் இருக்கும். அந்தக் கணக்குகளை உங்களுக்கு வகுப்பில் சொல்லித் தருவார்கள். நான் செய்ததும் சரியாகவே இருந்தது. இன்றுவரை அந்த மின் நிலையம் நான் எழுதிய அளவுக்கு மின்சாரம் தருகிறது.

அந்தத் தோட்டத்தின் லயங்களில் முப்பத்தொரு குடும்பங்கள் இருந்தன. செம்பனை வேலைக்கு வெளிநாட்டு ஆட்கள் வந்த பிறகும், ஓய்வு பெற்ற பழைய தொழிலாளர்கள் அந்த வீடுகளிலேயே தங்கியிருந்தார்கள். பிள்ளைகள் பத்து பெரண்டாம் என்ற ஊரின் தொழிற்சாலைகளுக்குப் பேருந்தில் போய் வந்தார்கள். செம்பனையை அழித்து சோலார் பேனல்களை நடும்போது லயங்களும் போகும். அந்தக் குடும்பங்களுக்குத் தோட்ட எல்லையிலேயே புது வீடு கட்டித் தருவதாக நிறுவனம் சொன்னது. வங்கி கேட்டது ஒன்றுதான்: குடியிருப்பவர்களிடம் விளக்கினீர்களா, அவர்கள் ஒத்துக்கொண்டார்களா?

என் மேலாளர் திட்டத்தின் கோப்பை என் பக்கம் தள்ளினார். "நீங்களே போங்களேன். உங்க ஆளுங்கதானே, நீங்க பேசினா அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிரும்லா."

எனக்கு அது பெருமையாக இருந்தது. என் ஊர்த் தமிழும் என் லயத்துப் பிறப்பும் ஒரு வேலைக்குத் தகுதியாகக் கருதப்பட்டது அதுவே முதல் தடவை. எதற்கான தகுதி என்று யோசிக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தோட்டத்துக் கோயில் தலைவரிடம் கேட்டு, கோயிலை ஒட்டிய மண்டபத்தில் கூட்டம் வைத்தோம். பசியாற ஏற்பாடு செய்ய, தெங்கேராவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் கனி பாயிடம் சொல்லியிருந்தேன். நெடுநாள் பழக்கம். அவர் வந்து இறங்கியதுமே சத்தம் போட ஆரம்பித்தார்.

"சார், கோயில்ல காப்பு கட்டியாச்சு, பாதித் தோட்டம் விரதமாம்! எங்கிட்ட முதல்லயே சொல்ல வேணாமா? நல்லவேளை, இடியாப்பமும் தேங்காய்ப்பூவும் சீனியும் தனியா எடுத்துட்டு வந்தேன். இல்லாட்டி எல்லாருக்கும் நெத்திலியப் போட்டு, அந்தப் பாவத்தையும் நான் சுமக்கணும்."

விரதக்காரர்களுக்கு இடியாப்பம், மற்றவர்களுக்கு நெத்திலி வைத்த தேங்காய்ப்பால் சோறு, நாசி லெமாக். யாருக்கு எது என்று தெரிய, பாய் ஒரு வெள்ளைத் தாளில் கோடு போட்டார். பெயர், வீட்டு எண், கையெழுத்து, கடைசிக் கட்டத்தில் 'இ' அல்லது 'நா'. சாப்பாடு கொடுத்ததற்குக் கையெழுத்து இருந்தால்தான் எங்கள் அலுவலகம் ஏற்கும் என்பதால் கையெழுத்துக் கட்டத்தை நான்தான் போடச் சொன்னேன். குடும்பத்துக்கு ஒருவராக வாசலில் கையெழுத்துப் போட்டுவிட்டு, வீட்டில் உள்ளவர்களுக்கும் சேர்த்துப் பொட்டலங்களை வாங்கிக்கொண்டார்கள். தாளுக்குத் தலைப்பே கிடையாது. சோற்றுப் பட்டியலுக்கு எதற்குத் தலைப்பு?

பிறகு நான் பேசினேன். படங்கள் காட்டினேன். புது வீட்டின் வரைபடத்தைக் காட்டினேன். முன்வரிசையில் இருந்த ஒரு பெண்மணி கையைத் தூக்கினார். லெட்சுமி அக்கா. முப்பது வருடம் அந்தத் தோட்டத்தில் மருந்து அடித்தவர். கணவர் சுப்ரமணியம் அண்ணன் பழைய மண்டோர், வேலையாட்களை மேய்த்தவர். சிறுநீரகம் கெட்டு வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போய்க்கொண்டிருந்தார்.

"தம்பி, ஒன்னே ஒன்னுதான் கேக்கணும். வீட்டக் கட்டி சாவியக் குடுத்தப்புறம் நாங்க போறதா, இல்ல நாங்க போனப்புறம் வீட்டக் கட்டறதா?"

"எல்லாத்தையும் பார்த்துச் செய்வாங்க அக்கா."

"பார்த்துன்னா எந்தப் பக்கம் பார்த்து?"

மண்டபமே சிரித்தது. கதவருகே நின்ற கனி பாயும் சிரித்தார். நானும் சிரித்தேன். அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

"நீங்களும் லயத்துப் பிள்ளைன்னு சொன்னீங்க. அந்தக் கம்பெனிக்காரங்க பேச்சு எனக்கு வேணாம். உங்க வாயால சொல்லுங்க. வீடு முதல்லயா, நாங்க முதல்லயா?"

"வீடு முதல்லதான் அக்கா," என்றேன்.

பொய். என் பையிலேயே வரைவு ஒப்பந்தம் இருந்தது. அதில், கடன் தொகை வந்த பிறகு இரண்டு ஆண்டுகளுக்குள் வீடுகள் கட்டப்படும் என்றுதான் இருந்தது.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். உங்கள் தொழிலில் இரண்டு வகை நிபந்தனைகள் உண்டு. வங்கி பணத்தை விடுவிப்பதற்கு முன் நிறைவேற வேண்டியவை ஒரு வகை. பணத்தைக் கொடுத்த பிறகு நிறைவேற்றினால் போதும் என்பவை இன்னொரு வகை. முதல் வகை நடக்கும், ஏனென்றால் அது நடக்காமல் யாருக்கும் பணம் இல்லை. இரண்டாவது வகை நடந்தாலும் நடக்கும். இந்த வித்தியாசத்தை உங்களுக்கு இரண்டு நாள் வகுப்பில், நாற்பது பக்கத்தில் சொல்லித் தருகிறார்கள். ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய லெட்சுமி அக்கா ஒரே மூச்சில் கேட்டுவிட்டார். அந்தக் கேள்வியை என் அறிக்கையில் ஒரு வரியாக எழுதியிருந்தால், வங்கி வீடுகளை முதல் வகையில் வைத்திருக்கும். திட்டம் ஓராண்டு தள்ளிப்போயிருக்கும். நிறுவனத்துக்கு மின்சாரம் விற்கக் கிடைத்த அனுமதியின் கெடு தாண்டியிருக்கலாம். நான் ஒரு வாடிக்கையாளரை இழந்திருப்பேன்.

நான் அந்த வரியை எழுதவில்லை.

புதன்கிழமை வங்கியின் வழக்கறிஞரிடமிருந்து கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமைக்குள் ஒப்புதலுக்கு ஆதாரம் வேண்டும். மேலாளர் என் மேசைக்கு வந்தார். "கையெழுத்து மாதிரி ஏதாவது இருக்கா?"

அவ்வளவுதான் கேட்டார். போலியாகச் செய் என்று சொல்லவில்லை. இந்தத் தொழிலில் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். நீங்களும் கேட்கப் போவதில்லை. 'மாதிரி ஏதாவது' என்றுதான் கேட்பார்கள். அந்தச் சொல் உங்கள் காதில் விழும்போது எழுந்து வெளியே போய் நின்று யோசியுங்கள். நான் எழுந்து நகல் இயந்திரத்துக்குப் போனேன். பொட்டலக் கட்டத்தை மடித்து மறைத்து நகல் எடுத்தேன். 'திட்டம் குறித்து எங்களுக்கு விளக்கப்பட்டது, எங்களுக்கு ஆட்சேபணை இல்லை' என்று மலாயிலும் ஆங்கிலத்திலும் தலைப்பை அச்சடித்து, மேலே வைத்து, மறுபடியும் நகல் எடுத்தேன். தமிழில் அச்சடிக்கவில்லை. கையெழுத்துப் போட்டவர்களுக்குத் தெரிந்த மொழியில் போட எனக்குத் தைரியம் இல்லை.

வெள்ளிக்கிழமை மேலாளர் என்னைச் சாப்பிட அழைத்துப் போனார். நன்றாகச் சாப்பிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆறு மாதத்தில் லயங்களை இடித்தார்கள். மலாக்கா நகரை ஒட்டிய பாச்சாங்கில் வாடகை அடுக்குமாடிகளில் தற்காலிகமாகக் குடி வைத்தார்கள். புது வீட்டுக்கான நிலத்தின் வகையை மாற்ற அனுமதி கிடைக்கவில்லை என்று ஒரு வருடம், வீடு கட்டும் குத்தகைக்காரர் ஓடிவிட்டார் என்று ஒரு வருடம். நான் ஓய்வு பெற்றேன். செய்தியைத் தேடிப் போகவில்லை. தேடாமல் இருப்பதும் ஒரு திறமை. அதில் நான் தேர்ந்தவன்.

நான்காவது வருடம், ஒரு காலை தெங்கேராவில் கனி பாய் கடைக்குப் போனேன். வழக்கமாக என்னைப் பார்த்ததும் கோப்பி போடச் சொல்லிக் குரல் கொடுப்பவர், அன்று எதிரே வந்து உட்கார்ந்தார்.

"சார், உங்க தோட்டத்து ஆளுங்க ரெண்டு பேர் வந்துட்டுப் போனாங்க. வீடு எங்கன்னு கேட்டா, கம்பெனி ஒரு தாளக் காட்டுதாம். 'நீங்கதான் ஆட்சேபணை இல்லன்னு கையெழுத்துப் போட்டீங்க'ன்னு சொல்லுதாம். அந்தத் தாள எங்கிட்டயும் காட்டினாங்க."

பாய் எழுந்து போய்ப் பழைய ரசீதுக் கோப்பை எடுத்து வந்தார்.

"கோடு வளைஞ்சிருக்கு சார். மூனாவது கோடு. அன்னிக்கு ஸ்கேல் இல்லாம, பொட்டல டப்பா மூடிய வச்சு நான் இழுத்த கோடு அது." கோப்பைப் பிரித்து ஒரு தாளை மேசையில் வைத்தார். அன்று பில்லோடு நான் அவருக்குக் கொடுத்திருந்த நகல். வலது ஓரத்தில் வரிசையாக 'இ', 'நா', 'இ', 'இ'. "பசியாற வந்தவன்கிட்ட கையெழுத்து வாங்கி, அவன் கூரையப் பிரிச்சிருக்கீங்க. என் சோத்த வச்சுப் பிரிச்சிருக்கீங்க. நான் படிக்காதவன், எனக்கே இது சோத்து லிஸ்ட்டுன்னு தெரியுது. உங்களுக்குத் தெரியலையா?"

"தெரியும் பாய்," என்றேன்.

"அப்ப இன்னிக்கு என் கடையில கோப்பி இல்ல சார்."

அந்தத் தாளை மட்டும் கொடுத்தார். அன்றே பாச்சாங்குக்குப் போனேன். மின்தூக்கி இல்லாத கட்டடத்தில் நான்காவது மாடி. மூன்றாவது மாடியில் மூச்சு வாங்க நின்றேன். லெட்சுமி அக்கா கதவைத் திறந்தார், அடையாளம் கண்டுகொண்டார்.

"வாங்க தம்பி. பசியாறிட்டீங்களா?"

நம் ஊரில் எல்லோரும் எல்லோரிடமும் கேட்பதுதான். தாளை எடுத்து நீட்டினேன். செய்ததைச் சொன்னேன். மடித்தது, தலைப்பு, எல்லாம். உள்ளே கட்டிலிலிருந்து சுப்ரமணியம் அண்ணனின் குரல் வந்தது.

"அந்தத் தம்பியா? படிய எண்ணிக்கிட்டு வந்தாரான்னு கேளு. வாரத்துக்கு மூனு நாளு என்ன பிளாஸ்டிக் நாற்காலியில வச்சு நாலு பேர் தூக்கிட்டு எறங்குறாங்க. எனக்கு ஒவ்வொரு படியும் தெரியும்."

அக்கா தாளை வாங்கினார். தன் பெயருக்கு நேரே இருந்த 'இ'யின் மேல் விரலை வைத்தார்.

"நாலு வருஷமா நாங்க என்ன நெனச்சுட்டு இருந்தோம் தெரியுமா? கோயில் தலைவர்தான் எங்க எல்லாரு கையெழுத்தையும் வாங்கி வித்துட்டாருன்னு. அவரு மக கல்யாணத்துக்கு ஒரு குடும்பங்கூடப் போகல. நான் போகல. எதுக்க வந்தா அவரு மூஞ்சியில முழிக்கிறதில்ல."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. வீடு போனதைத்தான் என் கணக்கில் வைத்திருந்தேன்.

"மன்னிச்சிருங்க அக்கா."

"அத அப்புறம் பாப்போம். மொதல்ல எறங்குங்க. தலைவரு பக்கத்து பிளாக்குல, ரெண்டாவது மாடியில இருக்காரு. இதே வார்த்தைய அங்க சொல்லுங்க. நான் பக்கத்துல நிக்கிறேன்."

போனேன். சொன்னேன். தலைவர் சமையலறைப் பக்கம் திரும்பி, "கேட்டியா?" என்றார். உள்ளே அவர் மனைவி அழும் சத்தம் கேட்டது. லெட்சுமி அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். என்னை யாரும் உட்காரச் சொல்லவில்லை.

அதன் பிறகு நான் செய்தவை இவை. சத்தியப் பிரமாணம் எழுதினேன். எழுதும்போது அக்கா எதிரே உட்கார்ந்திருந்தார். "இந்தத் தடவ தலைப்ப மொதல்ல எழுதுங்க, அதுவும் தமிழ்ல ஒன்னு," என்றார். எழுதினேன். நிறுவனத்துக்கும் வங்கிக்கும் என் பழைய அலுவலகத்துக்கும் அனுப்பினேன். வங்கி, விவகாரம் முடிந்துவிட்டது என்றது. நிறுவனத்தின் வழக்கறிஞர், நான் ஞாபகக் குழப்பம் உள்ள முதியவன் என்று எழுதினார். பழைய மேலாளர் தொலைபேசியில் கூப்பிட்டார். "செத்துப்போன பாம்ப ஏன் அடிக்கிறீங்க? உங்க பேருதான் நாறும்." என் தொழில் சங்கத்துக்கு என் மீதே புகார் எழுதினேன். அவர்கள் மட்டும் உடனே செயல்பட்டார்கள். என் உறுப்பினர் தகுதி போயிற்று. என்னிடம் 'மாதிரி ஏதாவது' கேட்டவரின் தகுதி அப்படியே இருக்கிறது. உங்களுக்கு வகுப்பெடுக்கவும் அவர் வரலாம்.

இரண்டு வருடம் எதுவும் அசையவில்லை. பிறகு நிறுவனம் மின் நிலையத்தை விரிவுபடுத்த வேறொரு வங்கியிடம் கடன் கேட்டது. அந்த வங்கியின் ஆய்வாளர், உங்கள் வயதுப் பெண், என்னைக் கூப்பிட்டார். நிறுவனத்தின் பழைய கோப்புகளில் என் பிரமாணத்தைப் பார்த்திருக்கிறார். "சார், அந்த மடிக்காத தாள் இருக்கா?" என்று மட்டும் கேட்டார். அனுப்பினேன். அவர் ஜாசினுக்கும் பாச்சாங்குக்கும் நேரில் போனார். பிறகு தன் அறிக்கையில் ஒரு வரி எழுதினார்: வீட்டுச் சாவிகளை ஒப்படைத்த பிறகே முதல் தொகை. நான் எழுதாமல் விட்ட அதே வரி. அதற்காக அவருடைய அலுவலகத்தில் அவரை யாரும் பாராட்டவில்லை என்று கேள்விப்பட்டேன். ஆறு வருடம் இழுத்த வீடு கட்டும் வேலை பதினொரு மாதத்தில் முடிந்தது.

பத்தொன்பது வீடுகள். மற்ற பன்னிரண்டு குடும்பங்கள் காத்திருக்க முடியாமல், கிடைத்ததை வாங்கிக்கொண்டு ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அவர்களுக்கு எதுவும் இல்லை. சுப்ரமணியம் அண்ணன் அதற்கு முந்தின வருடம் இறந்துபோனார். படி இல்லாத வீட்டை அவர் பார்க்கவில்லை. ஏழாம் பாடத்தை நீக்கச் சொல்லிப் பயிற்சி மையத்துக்கு எழுதினேன். அடுத்த பதிப்பில் பரிசீலிப்பார்களாம். இந்தப் பதிப்பில் படிக்கும் நீங்கள் என்ன பாவம் செய்தீர்கள் என்று தெரியவில்லை. நீங்களே அந்தப் பக்கத்தை எடுத்து, பச்சைக் கட்டத்தின் மேல் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். கோடு வளைந்தாலும் பரவாயில்லை.

சாவி கொடுத்த அன்று என்னை யாரும் அழைக்கவில்லை. போய் ஓரமாக நின்றேன். கனி பாய் பொட்டலங்களோடு வந்திருந்தார். என்னைப் பார்த்துத் தலையசைக்கவில்லை, திட்டவும் இல்லை. நிறுவனத்து இளைஞர் ஒருவர் மேசை போட்டு, அதில் கட்டம் போட்ட தாளை வைத்திருந்தார். முதல் ஆள் லெட்சுமி அக்கா. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தலைப்பு எங்க?"

"சும்மா வந்தவங்க பேருதான் ஆன்ட்டி. சாப்பாட்டுக்கும் அதான்."

"சும்மான்னா எதுக்குக் கையெழுத்து?"

இளைஞர் சிரித்தார். கோயில் தலைவர் பின்னாலிருந்து, "பேனாவ அவங்ககிட்டயே குடுத்துருலா, அதான் ஒனக்கு நல்லது," என்றார்.

அக்கா உட்கார்ந்தார். தாளின் உச்சியில் பெரிய எழுத்தில், நிதானமாக எழுதினார். பிறகு கீழே கையெழுத்துப் போட்டு, சாவியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, தாளையும் கையில் எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். ஏழு வருடத்தில் அவராக என்னிடம் நடந்து வந்தது அதுதான் முதல் தடவை.

"தம்பி, நீங்க படிச்சவரு. பாத்துச் சொல்லுங்க. இதுல மடிக்க எங்கயாவது எடம் இருக்கா?"

'வீட்டுச் சாவி வாங்கியதற்கு மட்டும்' என்று எழுதியிருந்தார். முதல் எழுத்து இடது ஓரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. கடைசி எழுத்து வலது விளிம்பில் முடிந்தது.

"இல்லக்கா," என்றேன்.

தாளை என் கையிலிருந்து வாங்கி, வரிசையில் அடுத்து நின்றவரிடம் கொடுத்தார்.